குதிருக்குள் இரண்டு பேர்

"அலோ... ஆமா, வீடியோ கடைதான்... ஆமா, செஞ்சிதான்... கொஞ்சம் சத்தமா பேசுங்க, லைன்ல கொரகொரங்குது... தொண்டூரா... ஆங், ஆமா ஆமா, நாளைக்கு டெக்கும் டீவியும் சொல்லி வச்சிருக்கீங்க. கேசட்டெல்லாம் எடுத்துக் கட்டி வச்சிட்டேன் தம்பி. ரெண்டு காமெடி, ஒரு லவ் படம். பொண்ணு மாப்பிள்ளையோட குடும்பமா உக்காந்து பாக்கலாம், யாரும் தலையக் குனிஞ்சிக்கிற மாதிரி ஒரு சீன் வராது... இன்னாது... பொண்ணு யாரும் இல்லியா... மாப்பிள்ளையும் இல்லியா... விசேஷம்னு இல்ல சொன்னாரு எங்க வூட்டுக்காரரு... ஓ... காரியமா."

கமர் ஜஹான் ரிசீவரை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். தவறு அவள்மேல் இல்லை. டேப்பைத் தின்கிற டெக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு ரிப்பேருக்குப் போன அவள் கணவர் பஷீர் அகமது, பஸ் ஏறுமுன் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: தொண்டூர், அரிகிருஷ்ணன், விசேஷம், மூன்று படம். அவருக்குக் கல்யாணமும் விசேஷம், மஞ்சள் நீராட்டும் விசேஷம், கருமாதியும் விசேஷம். காரியத்துக்கு வருகிற சனம் இராத்திரி தங்கும். தங்குகிறவர்களுக்கு முன்பு கூத்து வைத்தார்கள், இப்போது படம் போடுகிறார்கள். ஆள் பிறந்தாலும் செத்தாலும் டெக் வெளியே போகிறது, வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? கட்டி வைத்ததை அவிழ்க்க வேண்டியவள் மட்டும் கமர் ஜஹான்.

"மனசுல வச்சிக்காதீங்க தம்பி... யாரு... நைனாவா... அடடா... இன்னா வயசு... அது சாவற வயசு இல்லியே... ஆமா... ராத்திரி சாப்ட்டுட்டுப் படுத்தவரு... ஆமா ஆமா... காலைல எழுந்திருக்கலியா... நெஞ்சு வலியாத்தான் இருக்கும்... இன்னா பண்றது, அல்லா கூப்ட்டா போவ வேண்டியதுதான்... ஆமா, உங்க சாமியும்தான். யாரு கூப்ட்டாலும் போறது போறதுதானே.

"சரி, காமெடிய அவுத்துடறேன். முதல்ல ஒரு சாமி படம், அப்பால ரெண்டு குடும்பப் படம். வச்சிடட்டுமா... இன்னாது... அழுகைப் படம்தான் தம்பி. குடும்பப் படம்னாலே அழுகைதானே... எந்த அளவுக்கு அழுகைன்னா... அது ஆளப் பொறுத்து... ஆமா... ஒருத்தருக்காகவா... யாருக்கு... உங்க அம்மாவா."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அழவே இல்லியா... எடுத்தப்ப கூடவா... சரி... சாப்பாடு... ம்... ரெண்டு வாய் வச்சிட்டு தட்டையே பார்த்துக்கினு இருக்காங்களா... தூக்கமும் இல்லியா... இல்ல தம்பி, புத்திக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது, அப்படிப் பேசாதீங்க... யாரு... அத்தையா... நைனாவோட அக்காவா... தைலம்மாளா... அவங்க இன்னா சொல்றாங்க... கல்நெஞ்சுக்காரின்னா... ம்... என் தம்பிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடாதவ பக்கத்துல பந்தல்ல உக்கார மாட்டேன்னா... ஊரு முன்னாடியேவா... ஆமா... ஆமா... அது பெரிய அவமானம்தான் தம்பி. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அப்ப நாளைக்குப் படத்தப் பார்த்தாவது அழுதுட்டா போதும்... ஆமா, புரியுது... ஆமா."

ஊர்ப்பேச்சு ஒரு பக்கம் கிடக்கட்டும், அந்த ஆள் பயந்துபோயிருக்கிறான். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துபோய், அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அத்தையின் மேல் பழியைப் போட்டுப் பேசுகிறான். கமர் ஜஹானுக்கு அது குரலிலேயே தெரிந்தது. பாவமாக இருந்தது. காமெடி கேட்டு அவசரப்படுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அழுகைக்கு இப்படி ஆலாய்ப் பறந்து கேட்டவர் யாரும் இல்லை.

அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். வாடகைக்குப் போய்த் திரும்பும் கேசட்டை ஓட்டி, டேப் கசங்கியிருக்கிறதா என்று பார்ப்பது கடையில் அவள் வேலை. பார்த்துப் பார்த்து எல்லாப் படமும் மனப்பாடம். அவளுக்கு மட்டும் அழுகை வருவதில்லை. ஒரே சாவைப் பல தடவை பார்த்தால், செத்துக் கிடக்கிறவருடைய வயிறு ஏறி இறங்குவது கண்ணில் பட்டுவிடும்.

"கேளுங்க தம்பி. ஒண்ணு இருக்குது. மூணு பசங்க, பெத்தவள ஒரு வூட்லேர்ந்து இன்னொரு வூட்டுக்குப் பந்தாடுவானுங்க. மருமகளுங்க சோத்துல உப்பக் கொட்டுவாளுங்க. கடைசில அந்த அம்மா கோயில் வாசல்ல... ஏன், வேணாமா... உங்க சம்சாரமா... சொல்லிக் காட்டத்தான் இந்தப் படத்தப் போட்டீங்கன்னு சொல்லுமா... ஆமா, சொல்லும். காரிய வூட்ல புதுசா ஒரு சண்டை எதுக்கு, வேணாம்.

"சரி, அண்ணன் தங்கச்சி படம். அண்ணன் படிக்க வச்சி, கட்டிக் குடுத்து, தங்கச்சிக்குக் கண்ணு போயி, இவரு தன் கண்ண... இன்னா தம்பி... ஆமா, அத்தையும் உக்காந்து பாப்பாங்க இல்ல... அவங்க அழுவாங்களா... ம்... அவங்க ஆரம்பிச்சிட்டா அப்புறம் மத்தவங்க அழறதுக்கு எடமே இருக்காதா... ஆமா, எங்க வூட்லயும் ஒருத்தங்க அப்படி இருக்காங்க. வேணாம் விடுங்க.

"இது நல்லா இருக்கும். கதாநாயகனுக்கு மூளைல கட்டி. டாக்டர் நாள் குறிச்சிடுவாரு. அத யார்கிட்டயும் சொல்லாம பாட்டாப் பாடி... பார்த்திருக்காங்களா... எங்க... பொங்கலுக்குத் தெருவுல போட்டப்பவா... அழுதாங்களா... இல்லியா... இவ்ளோ நோவுல இவனால எப்படிடா இப்படிக் கத்த முடியுதுன்னு கேட்டாங்களா. கேட்டுட்டு... சிரிச்சாங்களா. ம். கஷ்டம்தான் தம்பி."

கொரகொரப்புக்கு நடுவே லைனில் புதிதாக ஓர் ஆள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. கமர் ஜஹானுக்கு அந்த மூச்சு பழக்கம். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து லைன் போடுகிற ரத்தினம்மாள், கடைக்கும் வாடிக்கை.

"யாரு, ரத்தினம்மாக்காவா... இன்னும் லைன்லதான் இருக்கீங்களா... மூணு நிமிஷம் ஆயிடுச்சா. இன்னும் ஒரு மூணு நிமிஷம் வுடுங்கக்கா, அவசரம்... அப்ப முழுசாக் கேட்டுட்டீங்களா... எந்தப் படம்... வெள்ளப் புடவை கட்டிக்கினு வயசான பொம்பள வேப்பமரத்தடில உக்காந்திருப்பாளே, அதுவா... அது நல்ல படம்தான்க்கா, நீங்களே நாலு நாள் வச்சிருந்தீங்க. ஆனா அது வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சற மாதிரி ஆயிடும்... இல்லக்கா, அதுவும் வேணாம்... நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, அவரு பேசட்டும்.

"தம்பி, இருக்கீங்களா... அது வேற யாரும் இல்ல, லைன் போடறவங்க. நல்லவங்கதான். நான் ஒண்ணு கேக்கறேன், அம்மாவுக்கு இன்னா படம் புடிக்கும்... தெரியாதா... ஒரு நாளும் கேட்டதில்லியா... ஆமா, யாரும் கேக்கறதில்ல. எங்க வூட்லயும் யாரும் என்னக் கேட்டதில்ல. நீங்க இப்ப எங்கேர்ந்து பேசறீங்க... போஸ்ட் மாஸ்டர் வூட்லேர்ந்தா... உங்க வூட்டுக்கு எவ்ளோ தூரம்... பின்னாடி வேலிதானா... அப்ப அம்மாவ ஒரு தபா கூப்டுங்களேன், நான் பேசிப் பாக்கறேன்... காரியம் முடியாம வாசப்படி தாண்டக் கூடாதா... எனக்கும் தெரியும் தம்பி, எங்கள்லயும் புருஷன் போயிட்டா இத்தா இருப்பாங்க. வாசப்படியத் தாண்ட வேணாம். பின்பக்கமா வேலியத் தாண்டட்டும். வேலியப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லி வைக்கலியே... ஆமா... அம்மா பேரு இன்னா... குஞ்சம்மாவா... போங்க, கூட்டியாங்க. நான் இருக்கேன்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கோழி கத்தியது. அந்த வீட்டில் யாரோ போஸ்ட் கவர்மேல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். கமர் ஜஹான் அவிழ்த்த கயிற்றைச் சுருட்டினாள். வெயில் எதிரே மலைப் பாறையில் அடித்து, அங்கிருந்து கடைக்குள் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, நீங்க போயிட்டு வர்றதுன்னா போயிட்டு வாங்க... வேற லைன் எதுவும் இல்லியா... சரி, இருங்க."

பிறகு ரிசீவரை யாரோ எடுத்தார்கள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. நாளை அதையும் கழற்றிவிடுவார்கள்.

"அம்மா... அலோ... குஞ்சம்மாதானே... அம்மா, நான் செஞ்சி வீடியோ கடையிலேர்ந்து பேசறேன், பாயம்மா... கேக்குதா... கேக்குதாம்மா... தம்பி பின்னால சொல்றாரு, நீங்க தலைய ஆட்றீங்கன்னு. தலைய ஆட்டினா எனக்குத் தெரியாதும்மா, வாயால சொல்லணும்... ஆங். கேக்குது கேக்குது. இவ்ளோ சத்தம் வேணாம்.

"ரொம்ப வருத்தம்மா... ஆமா... அவரு பேரு பாவாடைன்னு தம்பி பின்னால சொல்றாரு... ஆமா. அம்மா, நாளைக்கு ராத்திரி உங்க வூட்ல படம் போடறாங்க. உங்களுக்குப் புடிச்சதா ஒண்ணு எடுத்து அனுப்பலாம்னுதான் கூப்ட்டேன். சாமி படமோ, குடும்பப் படமோ... காமெடியா."

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினாள்.

"காமெடியாம்மா வேணும்... காரியத்துலயா... எது... பேரு தெரியாதா... பரவால்ல, பேரு ஒருத்தருக்கும் தெரியறதில்ல, கதையச் சொல்லுங்க... ஆமா... ஆமா... நெல்லு கொட்டி வைக்கற குதிருக்குள்ள ஒளிஞ்சிக்குவானே, அதுவா. பம்பாய்க்கு வேலைக்குப் போறேன்னு மாமனார்கிட்ட சொல்லிட்டு, போவாம தன் வூட்டுக் குதிருக்குள்ளயே குந்திக்கினு... ஆமா, பொண்டாட்டிக்காரி கீழ்ப்பக்க ஓட்டையில சோறு உருட்டிக் குடுப்பா... அதேதான்மா. இருக்குது. இங்கதான் இருக்குது.

"பொங்கலுக்குப் பார்த்ததா... அவரும் நீங்களுமா... பாதிதானா, ஏன்... கரண்டு போயிடுச்சா. ஆமா ஆமா, அன்னிக்கி செஞ்சிலயே இல்ல. எந்த எடத்துல போச்சி... மாமனார் வந்து குதிரு மூடியத் தூக்கறப்பவா. சரியான எடத்துலதான் போயிருக்குது."

கேசட் மூன்றாவது தட்டில், கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. கமர் ஜஹான் அதை எடுக்கவில்லை. அந்தப் படத்தில் சிரிப்பு மூடி வரைக்கும்தான். மாமனார் மூடியைத் தூக்குவார். உள்ளே மருமகன் குந்தியிருப்பான். தன்னை ஏமாற்றியது தெரிந்த அதிர்ச்சியில் கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்வார், எழுந்திருக்க மாட்டார். அதற்கு மேல் கடைசி வரை அழுகைதான், பாட்டுகூட அழுகைப் பாட்டு. காமெடி என்று வாங்கிப் போனவர்கள் திரும்பக் கொண்டு வரும்போது பஷீர் அகமதைத் திட்டிவிட்டுப் போவார்கள். அரிகிருஷ்ணன் கேட்ட மருந்து அச்சாக அதுதான். அனுப்பினால் குஞ்சம்மாள் அழுவாள், சந்தேகமில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஒருத்தரைப் பார்த்து, அத்தனை சனத்துக்கு நடுவில் அழுவாள். கமர் ஜஹானுக்கு அதை எடுக்க மனசு வரவில்லை.

"அம்மா, அந்தக் கேசட்டு... வந்து, அது வெளிய போயிருக்குதான்னு பாக்கணும். வேற ஒரு காமெடி... இன்னாம்மா... மீதிக் கதை தெரியுமா. எப்படி... அவரு சொன்னாரா. அவரு எங்க பார்த்தாரு... திண்டிவனத்துல கொட்டாயில பார்த்தேன்னாரா. உங்கள வுட்டுட்டா... உரம் வாங்கப் போனப்பவா... சரி, சொல்லுங்க. அவரு இன்னா சொன்னாரு.

"ஆமா... மாமனார் மூடியத் தூக்கறாரு... உள்ள யாரும் இல்லியா... அவன் எங்க... பின்னால நிக்கறானா. நின்னு... மாமனார் தோளுக்கு மேல எட்டிப் பார்த்து, உள்ள யாருங்கன்னு இவனே கேக்கறானா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரிய வீட்டோடு பேசுகிறோம் என்று நினைத்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சுப் பக்கம் வாயில் வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"அக்கா, மெதுவா... இல்லம்மா, நீங்க சொல்லுங்க. அப்புறம்... ம்... திருடன்தான் உள்ள இருந்தான்னு மாமனாரு நம்பிட்டாரா... இவனையே காவலுக்குப் போடறாரா... ஆமா... ஆமா... குதிரத் தூக்கி வண்டில ஏத்தி... எருமையப் பூட்டியா... எருமை தண்ணியப் பார்த்ததும் ஏரிக்குள்ள எறங்கிடுச்சா... எந்த ஏரிம்மா... உங்க ஏரியா. தொண்டூர் ஏரிலயா படம் புடிச்சாங்க... அவரு அப்படித்தான் சொன்னாரா. ம். சரி.

"அப்பால... செஞ்சிக்கு வருதா வண்டி... நெல்லு ஏலம் போடற கமிட்டிக்கா. நம்ம கமிட்டியா... ஆமா... தினமும் கொஞ்சம் சொல்லுவாரா... சோறு போடறப்பவா... பொங்கல்லேர்ந்தா. பொங்கல்லேர்ந்து இந்த ஆடி வரைக்குமா, ஒரு படத்தையா... ம்... ம்... பெரிய படமா இருக்குதும்மா."

இந்தப் படம் எந்தக் கேசட்டிலும் இல்லை என்பது கமர் ஜஹானுக்குத் தெரிந்துவிட்டது. திண்டிவனத்துக் கொட்டகையில் அதை எந்தக் காலத்திலும் போட்டதில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, பாவாடை என்கிற அந்த மனுஷர் போட்ட பொய் ஒவ்வொரு வார்த்தையிலும் எட்டிப் பார்த்தது. ஏர் ஓட்டும்போதோ மடை திருப்பும்போதோ யோசித்து, இராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மனைவி சிரிப்பதற்காக அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறியிருக்கிறார். அவளுக்கு அப்படி யாரும் பொய் சொன்னதில்லை. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"கடைசியா எதுவரைக்கும்மா சொன்னாரு... ம்... கமிட்டி வாசல்ல வண்டி நிக்குது... இவன் மறுபடியும் குதிருக்குள்ள... மாமனாருமா. ரெண்டு பேருமா உள்ள. அவரு ஏன்மா போனாரு... திருடன் வந்தா புடிக்கலாம்னா... ம். இருட்டுல ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சிக்கினு, மாட்டினியாடான்னா... ம்... வெளிய ஆபீசர் மூடிமேல ஏறி உக்காந்துட்டாரா... ம்... அப்புறம்... அப்புறம் இல்லியா. மீதி நாளைக்கின்னாரா.

"அன்னிக்கி ராத்திரிதானா.

"ஆமாம்மா... ஆமா... தட்டப் பார்த்தா அந்த நெனப்புதானா... ரெண்டு பேரும் எப்படி வெளிய வந்தாங்கன்னு... ஆமா... கதை முடியலியேன்னு இருக்கீங்களா. அவரு வந்து முடிப்பாருன்னே தோணுதா... ம்... அதான் படத்தக் கேக்கறீங்களா. நான் பார்த்திருக்கேனான்னா... பார்த்திருக்கேன்மா... முழுசாத்தான் பார்த்திருக்கேன்."

ஏதாவது சொல்லிவிடலாம். ஆபீசர் எழுந்தார், மூடி திறந்தது, எல்லாரும் சிரித்தார்கள், சுபம். ஒரு வாய்ப்பேச்சுதான். கமர் ஜஹான் வாயைத் திறந்தும் பார்த்தாள். ஆனால் அது பாவாடையின் கதை. அவர் விட்ட இடத்தில் தான் போய் நின்று ஒரு வார்த்தை சேர்த்தால், செத்தவர் தட்டில் கை வைத்தமாதிரி அவளுக்குப் பட்டது. பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்தப் பொம்பளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

"அம்மா... இருக்கீங்களா... கீழ குந்துங்க முதல்ல. தம்பி, அம்மாவுக்கு எதனா போடுங்க, குந்தட்டும்... குந்திட்டீங்களா... அம்மா, அந்தப் படத்துல மாமனாரு மூடியத் தூக்குவாரு. உள்ள அவன் இருப்பான். அவ்ளோதாம்மா... இல்லம்மா, பின்னால நிக்க மாட்டான்... உள்ளதான் இருப்பான்... எருமையா... எருமை இல்லம்மா. ஏரியும் இல்ல. நம்ம கமிட்டியும் இல்ல... வேற படம் இல்லம்மா, அதே படம்தான். திண்டிவனத்துக்கு அந்தப் படம் வந்ததே இல்ல... அவரு பார்க்கலம்மா. கரண்டு போனதுக்கு அப்பால அவரும் பார்க்கல.

"அவராத்தாம்மா சொல்லியிருக்காரு.

"ஆமா... அத்தினியும்... ஆமாம்மா, எருமையும் அவருதான்... உங்களுக்குத்தாம்மா. வேற யாருக்கு... நீங்க சிரிக்கணும்னு... அம்மா... அம்மா, கேக்குதா..."

தலையாட்டுகிறாளா என்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்றுதான் கமர் ஜஹான் நினைத்தாள். முதலில் சிரிப்புதான் அது, ஆளைத் திருட்டுத்தனத்தில் பிடித்துவிட்ட மனைவியின் சிரிப்பு. போகப் போக அது ஆழத்துக்கு இறங்கி, மூச்சு இழுத்து, திரும்பி வரும்போது அழுகையாக வந்தது. ரிசீவர் எதிலோ மோதியது. முத்திரை குத்தும் சத்தம் நின்றுவிட்டது. குஞ்சம்மாள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். ஊரில் பெண்டாட்டிமார் புருஷன் பேரைச் சொல்லும் வழக்கமில்லை.

"அழுங்கம்மா... ஆமா... அழுங்க... ஒண்ணும் இல்ல..."

படத்துக்கு அழாத கமர் ஜஹான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏன் துடைத்தோம் என்று வாசலைப் பார்த்தாள்.

"அலோ... தம்பியா... நான் ஒண்ணும் திட்டல தம்பி... இல்ல இல்ல... நீங்கதானே அழணும்னு கேட்டீங்க... இவ்ளோ கேக்கலியா. அது அளவு பார்த்து வராது தம்பி... தடுக்காதீங்க, விடுங்க. தண்ணி மட்டும் பக்கத்துல வையுங்க... யாரு... அத்தையா... வேலியத் தாண்டியா வந்தாங்க... ம்... இன்னா பண்றாங்க... கட்டிப் புடிச்சிக்கிட்டாங்களா... ரெண்டு பேரும் கீழ உக்காந்துட்டாங்களா... பந்தல்ல உக்கார மாட்டேன்னவங்க தரையில உக்காந்துட்டாங்க, சரியாப் போச்சி... ஆமா... ஆமா தம்பி... நீங்களும் அழுங்க, தப்பில்ல. அவரு உங்களுக்கும் நைனாதானே.

"ரத்தினம்மாக்கா, மூக்கச் சிந்தறது இங்க வரைக்கும் கேக்குது... சரி சரி.

"அப்ப தம்பி, அழுகைப் படம் ரெண்டும் வேணாம்தானே. அதையும் அவுத்துடறேன். சாமி படம் மட்டும் கட்டட்டா... இல்ல, அந்தக் குதிரு படம் அனுப்ப மாட்டேன், பயப்படாதீங்க... இன்னாது... அம்மா இன்னா சொல்றாங்க... கேட்டுச் சொல்லுங்க, இருக்கேன்... ம்... டெக்கே வேணாமா. டீவியும் வேணாமா. அப்ப ராத்திரி பூரா அத்தினி சனமும் இன்னா பண்ணும்... அம்மா சொல்றாங்களா. எத... அந்தக் கதையவா. சனத்துக்கு முன்னாடியா... முதல்லேர்ந்தா... அத்தை இன்னா சொல்றாங்க... அவங்களும் கேக்கணும்னு சொல்றாங்களா... சரி தம்பி. இல்ல இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல, எங்க வூட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன். இது அவரு சொன்ன மாதிரி விசேஷமே இல்லன்னு சொல்லிக்கறேன்... ஆமா... வச்சிடறேன்... இரு தம்பி, இரு, ஒரு நிமிஷம். கதை பாதிலதானே நிக்குது, நாளைக்கு அம்மா எத வச்சி முடிப்பாங்க... தெரியுமா. அவங்களுக்குத் தெரியுமா... அவரு இன்னா சொல்லியிருப்பாருன்னு இப்பதான் புரிஞ்சிதாமா... சிரிக்கறாங்களா, அழுதுக்கினேவா... அத்தை காதுல சொல்லிட்டாங்களா. அத்தையும் சிரிக்கறாங்களா... தம்பி, எனக்கும் சொல்லச் சொல்லு. ரெண்டு பேரும் எப்படி வெளிய வந்தாங்களாம்... ம்... ம்... மூடிமேல உக்காந்த ஆபீசரு... ஆமா... எழுந்து... இன்னாது, கொரகொரங்குது, கேக்கல... அலோ... எழுந்து இன்னா பண்ணாரு... அலோ... தம்பி... அலோ..."

லைன் செத்திருந்தது. கமர் ஜஹான் போனின் கட்டையைத் தட்டினாள், மறுபடி தட்டினாள்.

"ரத்தினம்மாக்கா... தொண்டூரத் திருப்பிப் போடுங்கக்கா... போவலியா... மழைக்காத்தா அங்க... எப்ப வரும்னு... நாளைக்கா. நாளைக்கு எதுக்குக்கா... ஆமா... சரி, அத வுடுங்க, உங்க பக்கத்துல தெளிவா இருந்திருக்குமே, ஆபீசரு எழுந்து இன்னா பண்ணாருன்னு... உங்களுக்கும் கேக்கலியா."